நாய் விற்ற காசு குரைக்குமா?



வழக்கமாக வாசிப்பு, எழுத்துப்பிழை, வீட்டுப்பாடம் என்று பேசிக்கொண்டிருப்பவன் இன்று நாயைப் பற்றி எழுதப் புகுந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் உண்டு. நான் நாய் வளர்ப்பவன் என்பது எங்கள் பள்ளிப் பெற்றோர்களுக்குத் தெரியும். அதனால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்த பிறகு பிள்ளையின் அடைவுநிலையைப் பற்றி இரண்டு நிமிடம் கேட்பவர்கள், நாயைப் பற்றி இருபது நிமிடம் கேட்கின்றனர். 2020-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிள்ளைகளின் பிடிவாதத்திற்கு இணங்கி நாய் வாங்கிய குடும்பங்கள் பல. அந்த நாய்கள் வளர்ந்தபின் நான் மிகுதியாகக் கேட்ட வேண்டுகோள் இதுதான்: "சார், எங்க வீட்டு ஆண் நாய்க்கு ஒரு ஜோடி பார்த்துக் கொடுங்களேன்."

பெண் நாய் வைத்திருப்பவர்கள் இப்படி எளிதாகக் கேட்பதில்லை. அவர்களுக்குச் சினை, பேறுகாலம், குட்டிகளைக் காக்கும் பாடு எல்லாம் கண்முன் நிற்கும். ஆண் நாய்க்காரர்களுக்கோ அந்தக் கவலை இல்லை. "ஆண்தானே சார், நம்ம வீட்டுக்கு என்ன வரப்போகுது?" என்பார்கள். அரை மணி நேர வேலை, பிறகு கைக்கு ஒரு குட்டி அல்லது சில நூறு ரிங்கிட். நாய் விற்ற காசு குரைக்காது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது இவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

இந்தப் பழமொழியோடு எனக்கு உடன்பாடில்லை. குட்டிகள் பிறப்பதில் ஆண் நாயின் உரிமையாளருக்குப் பங்கு பாதி. ஆனால், நாயினத்தின் நலத்தைப் பார்த்தால் அவருடைய பொறுப்பு பாதிக்கும் மேல் என்பதே என் கருத்து.

இதற்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பெட்டை ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு முறை பருவத்துக்கு வரும். பொறுப்புள்ளவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் சேர்க்கமாட்டார்கள். ஆண்டுக்கு ஓர் ஈற்று, ஈற்றுக்கு ஆறு குட்டிகள் என்று வைத்துக்கொண்டால் அதன் குறை ஆண்டுக்கு ஆறு குட்டிகளுக்குத்தான் போகும். ஆண் நாய்க்கு அப்படி எல்லை கிடையாது. மாதம் இரண்டு பெட்டைகளுடன் சேர்க்கப்படும் ஒரு நாயை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு 24 சேர்க்கை. அவற்றுள் 20 பலித்தால்கூட 120 குட்டிகள்! அந்த ஆணின் இதயத்தில் ஒரு கோளாறு மறைந்திருந்தால் அது ஒரே ஆண்டில் எத்தனை வீட்டு வாசலுக்குப் போய்ச் சேருகிறது? காட்சியில் பரிசு வென்ற ஒரு நாயையே எல்லாரும் தேடிப் போனதால் ஓரினம் முழுவதிலும் ஒரே நோய் பரவிய கதைகள் மேலைநாட்டு நாய் வளர்ப்பில் பல உண்டு. நம் தாமான்களிலும் சிறிய அளவில் இதுதான் நடக்கிறது. ஒரு வட்டாரத்தில் நல்ல அல்சேஷன் ஒன்று இருந்தால் அந்த வட்டாரத்துக் குட்டிகளுக்கெல்லாம் அதுவே தகப்பன். சில ஆண்டுகளில் அண்ணன் தங்கை என்று அறியாமலேயே ஒன்றோடொன்று சேர்த்துவிடுகின்றனர்.

சரி, ஆண் நாயைச் சேர்க்கத்தான் வேண்டுமா? "ஒரு தடவையாவது சேரவிட்டால்தான் நாய் அடங்கும்" என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. மனிதருக்குத் திருமணம் செய்து வைத்தால் பொறுப்பு வந்துவிடும் என்று சொல்கிறோமே, அந்த நம்பிக்கையின் நீட்சியாக இருக்கலாம். (அங்கும் அது எவ்வளவு பலிக்கிறது என்பது வேறு கதை!) நாயைப் பொறுத்தவரை நடப்பது நேர்மாறு. ஒருமுறை சேர்ந்து பழகிய ஆண், பெட்டையின் வாடைக்கு முன்னிலும் வேகமாக ஓடப் பார்க்கும். வீட்டுத் தூணிலும் மகிழுந்துச் சக்கரத்திலும் சிறுநீர் தெளித்து எல்லை வகுப்பது கூடும். பிற ஆண் நாய்களோடு சண்டைக்கு நிற்பதும் கூடலாம். சேராமல் இருப்பதால் ஆண் நாய்க்கு நோய் எதுவும் வருவதில்லை. வயதான ஆண் நாய்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்குவது உண்மைதான். விரையில் ஊறும் இயக்குநீரே அதற்குக் காரணம். சேர்ந்த நாய்க்கும் வரும், சேராத நாய்க்கும் வரும்.

இன்னொன்று, "முரட்டு நாய்க்குப் பிறந்தால்தான் நல்ல காவல் குட்டி" என்பது. முன்பின் தெரியாதவர் கேட்டருகே வந்தால் குரைப்பது காவல். வீட்டுக்கு வந்த பிள்ளையின் கையை அச்சத்தால் கவ்வுவது காவலன்று, நடுக்கம். அந்த நடுக்கம் ஓரளவு பரம்பரையாகவும் வரும். வீட்டில் விருந்தினர் நுழையும்போதெல்லாம் கட்டிப்போட வேண்டிய நாய் உங்களிடம் இருந்தால், அதன் குட்டிகள் சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குத்தான் போகப்போகின்றன என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் "எங்கள் நாய் நல்ல நாய், நல்ல முறையில் செய்ய விரும்புகிறோம்" என்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

முதலில் வயது. சிறிய இன ஆண் நாய் ஆறேழு மாதத்திலேயே பெட்டையைச் சினைப்படுத்திவிடும். பெரிய இனங்களுக்குச் சற்றுக் கூடுதல் காலம் ஆகும். ஆனால் முடியும் என்பதற்கும் செய்யலாம் என்பதற்கும் வேறுபாடு உண்டு. அல்சேஷன், ராட்வைலர், லாப்ரடோர் போன்ற பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறைபாடு பரம்பரையாக வருவது. இளநாயின் ஓட்டத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க இயலாது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அமெரிக்காவில் இதற்குச் சான்று வழங்கும் அமைப்பு, நாய்க்கு 24 மாதம் நிறைந்த பிறகே இறுதிச் சான்று தருகிறது. எனவே பெரிய இன நாயை இரண்டு வயதுக்கு முன் சேர்க்காதிருப்பதே அறிவுடைமை. ஒன்பதாவது மாதத்திலேயே "பெண் கேட்டு" வருபவர்களிடம் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

அடுத்தது, கூச்சப்படாமல் சோதிக்க வேண்டியது: இரண்டு விரைகளும் இறங்கியிருக்கின்றனவா? குட்டிக்கு இரண்டு மாதம் ஆகும்போதே பெரும்பாலும் இறங்கிவிடும். ஆறு மாதம் கடந்தும் ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டால் அது பிறவிக் குறைபாடு. ஒற்றை விரையோடும் அந்த நாயால் குட்டிகளைத் தர இயலும் என்பதுதான் இதிலுள்ள இடர். அக்குறை ஆண் குட்டிகளில் மறுபடியும் தலைகாட்டும், பெண் குட்டிகள் வழியாக மறைந்தும் போகும். மேலும் உள்ளே தங்கிய விரையில் கட்டி உண்டாகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அப்படிப்பட்ட நாயைச் சேர்க்கவே கூடாது. அந்த விரையை அறுவை செய்து நீக்கிவிட வேண்டும்.

பார்வைக்குத் தெரியாத நோய்கள்தாம் எனக்குப் பெருங்கவலை. டோபர்மேன் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதில் அது கறுப்புக் குதிரை போல் நிற்கும். அந்த அழகைப் பார்த்துத்தான் எல்லாரும் கேட்டு வருவார்கள். ஆனால் இதயத்தசை விரிந்து தளரும் நோய் இந்த இனத்தில் மிகப் பரவலாக உள்ளது. அது பெரும்பாலும் நடுத்தர வயதில்தான் வெளிப்படும். சில நாய்களில் திடீர் மரணமே முதல் அறிகுறி. அதாவது, தகப்பன் நாய் சுருண்டு விழும் நாளில் அதன் குட்டிகளுக்கே குட்டிகள் பிறந்திருக்கும். ஆதலால் டோபர்மேன் வைத்திருப்போர் இதயத்தை மீயொலியாலும் 24 மணி நேர இதயத்துடிப்புப் பதிவாலும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர். "அவ்வளவு செலவா?" என்று கேட்பீர்களாயின், அந்தச் செலவைச் செய்ய இயலாதவர் டோபர்மேனை வளர்க்கலாம், ஆனால் சேர்க்க வேண்டாம் என்பேன்.

மற்றொரு வகை நோய், பெற்றோர் இருவரும் நலமாக இருக்கையிலேயே பிள்ளைக்கு வருவது. லாப்ரடோர், பூடில் போன்றவற்றில் விழித்திரை சிறுகச் சிறுகத் தேய்ந்து பார்வை போகும் நோய் ஒன்று இத்தகையது. இதை விளக்க நம் மாணவர்கள் படிக்கும் பின்னமே போதும். நோய்க்கூற்றை ஒரு பங்கு மட்டும் சுமக்கும் நாய் நோயுறாது. ஆனால் குட்டிக்குக் கடத்தும். இப்படிக் கடத்தும் ஆணும் கடத்தும் பெண்ணும் சேர்ந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கடத்தியாகப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு. முற்றிலும் தப்பும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கடத்தும் ஆணை, நோய்க்கூறு சிறிதும் இல்லாத பெண்ணோடு சேர்த்தாலோ ஒரு குட்டிக்கும் அந்த நோய் வராது. ஆகவே மரபணுச் சோதனையில் "கடத்தி" என்று வந்தவுடன் உங்கள் நாய் பயனற்றது என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. எந்தப் பெண்ணோடு சேர்க்கிறோம் என்பதே கேள்வி. வாயின் உட்கன்னத்தில் பஞ்சுக்குச்சியைத் தடவி எடுத்து அனுப்பினாலே இச்சோதனையைச் செய்துவிடலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலேசிய நாய் வளர்ப்புச் சங்கமாகிய எம்.கே.ஏ. வழங்கும் பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி வைத்துவிட்டு, "பேப்பர் இருக்கு சார்" என்று பெருமைப்படுவோர் உள்ளனர். அந்தத் தாள் நாயின் தாய் தந்தை வழியைச் சொல்லும். நாயின் நலத்தைச் சொல்லாது. பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் உடற்கல்விப் பாடத்தில் புள்ளி போட இயலுமா?

தொற்றுநோய்களில் இரண்டைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஒன்று புருசெல்லா. இந்த நுண்ணுயிர் ஆண் நாயின் விரையை வீங்கச் செய்து, பிறகு மலடாக்கும். பெட்டைக்குக் கருச்சிதைவை உண்டாக்கும். பல நாய்களில் வெளியே ஒன்றுமே தெரியாது. இதற்கு நாய்களுக்கான தடுப்பூசி இல்லை. மருந்து கொடுத்தாலும் முற்றாக நீங்கும் என்று உறுதி கூற இயலாது. மனிதருக்கும் தொற்றக்கூடியது என்பதால் குட்டிகளைக் கொஞ்சும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது விளையாட்டன்று. சேர்க்கைக்கு முன் இரண்டு நாய்களுக்கும் இரத்தச் சோதனை செய்ய வேண்டும். வருகிற பெட்டைக்குச் சோதனை முடிவு இல்லையென்றால், வந்தவர் உறவினரே ஆனாலும் சேர்க்காதீர்கள்.

மற்றொன்று, சேர்க்கையின் வழியே பரவும் புற்றுக்கட்டி. புற்றுநோய் ஒட்டுமா என்று கேட்கலாம். நாயிடம் இந்த ஒன்று ஒட்டுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் புற்று உயிரணுக்களே இன்றும் நாய்க்கு நாய் தாவி வாழ்ந்துகொண்டிருக்கின்றன என்பதை அறிவியலாளர் நிறுவியுள்ளனர். படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்த்தது. தெருநாய்கள் மிகுந்த வெப்பநாடுகளில் இது மிகுதி. இரவில் கேட்டைத் திறந்துவிட்டு "ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரட்டும்" என்று அனுப்பப்படும் ஆண் நாய்கள் இதைக் கொண்டு வருகின்றன. உறுப்பிலிருந்து இரத்தம் சொட்டினால் "சூடு" என்று இளநீர் கொடுத்துக்கொண்டிராமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். வாரம் ஒருமுறை போடும் ஊசி மருந்தால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

சேர்க்கை நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டையைத்தான் ஆணின் வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். பருவம் ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும். முதல் ஒன்பது நாள் அளவில் ஆணை ஈர்க்குமேயன்றி இணங்காது. "பதினோராவது நாள், பதின்மூன்றாவது நாள்" என்று நாள்காட்டியைப் பார்த்துச் செய்வது எல்லாப் பெட்டைக்கும் பொருந்தாது. புரொஜெஸ்டிரோன் அளவைக் காட்டும் இரத்தச் சோதனை சரியான நாளைச் சொல்லிவிடும். இணங்காத பெட்டையின் வாயைக் கட்டி, இருவர் பிடித்துக்கொண்டு சேர்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அருவருப்பான செயல். அது பெட்டைக்கும் கொடுமை. கடிபட்ட இள ஆண் பிறகு அஞ்சி ஒதுங்குவதும் உண்டு. நண்பகல் வெயிலில் வேண்டவே வேண்டாம், அதுவும் பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு. நம் நாட்டு வெப்பத்தில் அவை மூச்சுத் திணறிச் சரிந்துவிடும். கடுங்காய்ச்சல் கண்ட ஆண் நாயின் விந்து கெட்டிருக்கும். புதிதாய் உருவாக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் பூட்டிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் நிற்கும் நேரம் ஒன்று உண்டு. பத்து நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். ஆணின் உறுப்பின் அடிப்பகுதி வீங்கிப் பிடித்துக்கொள்வதே காரணம், இயற்கையின் ஏற்பாடு. அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றுவதும் கல்லெறிவதும் துடைப்பத்தால் அடிப்பதும் நம்மவர் வழக்கம். மிரண்டு இழுத்துக்கொண்டு ஓடினால் இரண்டுக்கும் உள்ளே கிழிந்து காயமாகும். பிள்ளைகள் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில்தான் பெரியவர்கள் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆரம்பப் பள்ளி அறிவியலில் குட்டி போடும் விலங்கு, முட்டையிடும் விலங்கு என்று நாங்கள் கற்பிக்கிறோம். "குட்டி உண்டாவதற்காகச் சேர்ந்திருக்கின்றன, தானாகவே விலகும், தொந்தரவு செய்யாதே" என்ற ஒரு வாக்கியம் போதும். பிள்ளை அடுத்த நிமிடம் விளையாடப் போய்விடும். கல்லெடுத்து எறிந்தால்தான் அது அவன் நினைவில் நிற்கும்.

இனி, காசு விவகாரம். வாய்ப்பேச்சில் முடித்துக்கொண்டு பின்னர்ப் பகையான அண்டை வீடுகளை நான் அறிவேன். ஆண் நாய்க்காரருக்குக் கூலி காசா, குட்டியா? குட்டி என்றால் முதலில் தேர்ந்தெடுப்பவர் யார்? ஒரே ஒரு குட்டி பிறந்தால் அது யாருக்கு? சினை நிற்காவிட்டால் அடுத்த பருவத்தில் மீண்டும் சேர்ப்பதற்குக் கட்டணம் உண்டா? எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள். பெட்டையைச் சேர்க்கைக்குப் பிறகும் பருவம் முடியும்வரை அடைத்து வைக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன்கள் இருக்க முடியும்! உங்கள் கோல்டன் ரெட்ரீவருக்குப் பிறந்த ஈற்றில் நரிமுகத்தோடு இரண்டு குட்டிகள் இருந்தால் யாரையும் ஏமாற்றுக்காரர் என்று ஏசுவதற்கு முன் இதை நினைவுகூருங்கள்.

அந்தத் தாளில் இருக்க வேண்டியது என்று நான் கருதுவதும், எவரும் எழுதாததும் ஒன்றுண்டு. விலைபோகாத குட்டிகளை என்ன செய்வது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் பயிற்றுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பெயர்ப்பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டு நாய் எட்டுக் குட்டிகள் ஈன்றிருந்தது. யாருக்கு வேண்டும் என்று கேட்டதற்குப் பதினொரு பேர் கைதூக்கியிருந்தனர். எட்டுக் குட்டிக்குப் பதினொரு பேர்! அவன் முகத்தில் மகிழ்ச்சி தாளவில்லை. மறுநாள் ஒவ்வொருவராக வந்து, "அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றனர். மிஞ்சியது இரண்டு பெயர். தகப்பன் நாய்க்காரர் தமக்குரிய குட்டியைத் தேர்ந்தெடுத்து நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டார். அவர் கணக்கு அத்தோடு முடிந்தது. எஞ்சிய ஐந்தின் கணக்கு அந்தப் பையன் வீட்டில்தான் கிடந்தது. மூன்று மாதத்தில் ஐந்தும் தின்கிற தீனியும் ஊசிச் செலவும் அக்கம்பக்கத்தார் முறையீடும் அவன் தந்தைக்குத் தாளவில்லை. ஒரு நாள் பையன் பள்ளிக்கு வந்து, "குட்டிகளை அப்பா கோயில்ல விட்டுட்டாரு சார், அங்க சாப்பாடு கிடைக்குமாம்" என்றான். அவன் அழவில்லை. சோறு கிடைக்கும் என்பதை நான் உறுதிப்படுத்த வேண்டும் என்று எதிர்பார்த்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தத் தந்தை கொடியவர் அல்லர். நம்மில் பலரும் அந்த நிலையில் அதையேதான் செய்கின்றனர். நாயை வைரவரின் ஊர்தி என்று கும்பிடுகிறோம். வேண்டாத குட்டியை அந்த வைரவரின் வாசலிலேயே இறக்கிவிடுகிறோம். கோயில் வாசல், சந்தைப் பின்புறம், தமிழ்ப்பள்ளி வேலியோரம்! எங்கள் பள்ளிக் காவலர் இந்த விருந்தாளிகளுக்குச் சோறு வைத்தே ஓய்ந்துபோனார். தடுப்பூசி காணாத அந்தக் குட்டிகள் வளர்ந்து பெருகி, ஒரு நாள் ஊராட்சி மன்றத்தின் நாய்பிடிக்கும் வண்டியில் ஏறுகின்றன. வெறிநாய்க்கடி நோய் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் மீண்டும் தலைகாட்டியதையும், 2017-இல் சரவாக்கில் பரவிச் சிறு பிள்ளைகளைக் கொன்றதையும் நாம் மறந்துவிடக்கூடாது. நாய் கட்டவிழ்ந்து திரிவதால் பல இனத்தார் சேர்ந்து வாழும் தாமானில் உண்டாகும் மனக்கசப்பை நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

எனவே என் கருத்து இது: ஈற்றில் எத்தனை குட்டிகள் பிறந்தாலும், இடம் கிடைக்காதவற்றில் பாதியை ஆண் நாயின் வீடு ஏற்றுக்கொள்ள வேண்டும். எட்டு மாதம் கழித்து ஒருவர் "வளர்க்க முடியவில்லை" என்று திருப்பிக் கொண்டுவந்தாலும் ஏற்க வேண்டும். இதற்கு ஒப்பாதவர் நாயைச் சேர்க்கைக்கு விட வேண்டாம். இந்த விதியைச் சொன்ன மாத்திரத்தில் என்னிடம் ஜோடி கேட்டு வந்தவர்களில் பலர் பேச்சை மாற்றிவிட்டனர்.

சட்டமும் இருக்கிறது. நாய்க்கு ஊராட்சி மன்ற உரிமம் வேண்டும். வரிசை வீட்டில் எத்தனை நாய் வைக்கலாம் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறுபடும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2017 சூலை முதல் நடைமுறைக்கு வந்த 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. குட்டி விற்பதையே தொழிலாக்க நினைப்போர் முதலில் கால்நடைச் சேவைத் துறையிடம் உரிமம் பற்றிக் கேட்டறிய வேண்டும்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது காயடிப்புத்தான். இதைச் சொன்னதும் தாய்மார்கள் உடனே தலையசைக்கின்றனர். தந்தைமார்கள் முகம் வெளிறிக் கால்மேல் கால் போட்டுக்கொள்கின்றனர்! "பாவம் சார், அதுவும் ஓர் ஆண்தானே" என்பார்கள். நாய்க்கு ஆண்மை பற்றிய பெருமையும் கிடையாது, இழப்பு பற்றிய துயரமும் கிடையாது. அறுவை முடிந்த மறுநாள் அது தேடுவது சோற்றுத் தட்டைத்தான். விரைக்கட்டி வராது, புராஸ்டேட் வீக்கத் தொல்லையும் அகலும், ஊர்சுற்றல் பெரும்பாலும் குறையும். எல்லா முரட்டுத்தனமும் இதனால் தீர்ந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அச்சத்தால் கடிக்கும் நாயைப் பழக்கித்தான் திருத்த வேண்டும்.

எப்போது செய்வது என்பதில் மருத்துவர்களின் அறிவுரை மாறிவந்துள்ளது. முன்பு எல்லா நாய்க்கும் ஆறு மாதம் என்றார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் 35 இனங்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பெரிய இனங்கள் பலவற்றில் இளவயதிலேயே காயடித்தால் மூட்டு நோய் கூடுகிறது. சிறிய இனங்களில் அவ்வாறு இல்லை. ஆகவே பொமரேனியன், ஷிட்சு வைத்திருப்போர் காலம் தாழ்த்த வேண்டியதில்லை; அல்சேஷன், ராட்வைலர் வைத்திருப்போர் வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கலாமா என்று தம் மருத்துவரைக் கேட்கட்டும். காத்திருக்கும் காலத்தில் கேட்டைப் பூட்டி வைப்பது உங்கள் கடமை. செலவு பெரிதாகத் தோன்றினால் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை விசாரியுங்கள். தனியார் கிளினிக்கைவிடக் குறைந்த கட்டணத்தில் செய்து தரும் ஏற்பாடுகள் உண்டு.

கடைசியாக ஒரு குறிப்பு. அறுவை முடிந்த அன்றே நாய் மலடாகிவிடாது. குழாய்களில் தங்கிய விந்தணுவால் சில வாரங்கள்வரை சினைப்படுத்த இயலும். தையல் ஆறப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். நக்காமல் கழுத்துக்கூம்பு மாட்டுங்கள், குளிப்பாட்டாதீர்கள். பிறகும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் பெட்டையின் பக்கம் விடாதீர்கள். அடுத்த வீட்டில் பருவத்துக்கு வந்த பெட்டை இருந்தால், படுக்கப் போகுமுன் கேட்டின் தாழ்ப்பாளை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.